மீன்தொட்டிக் கடையின் பாதிப் பங்கு

கமலாசனி அக்காவின் கடையில் நான் வாங்கிய மீன்கள் ஏழும் செத்துப்போயின. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதும்போது, பக்கத்துக் கடைக்காரி எதையோ வாங்கிக்கொண்டு எழுதுகிறாள் என்று ஒருவரும் சொல்லக்கூடாது.

என்னுடையது போட்டோகொப்பிக் கடை. கிளிநொச்சியில், ஏ9 வீதியில், கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட இருக்கிறது. தட்டச்சும் செய்து கொடுப்பேன். காணிக் கடிதம், பொலிஸ் முறைப்பாடு, சாமத்திய வீட்டு அழைப்பு, மரண அறிவித்தல் எல்லாம் என் கையால்தான் போகும். ஆகவே ஊரில் யாருக்கு யாரோடு கோபம் என்பது அந்த இரண்டு பேருக்கும் அடுத்தபடியாக எனக்குத் தெரியும். நான் வெளியே சொல்வதில்லை. கேட்டால் மட்டும் சொல்வேன்.

எனக்கும் கமலாசனி அக்காவுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர். அந்தப் பக்கம் இருபத்திரண்டு மீன்தொட்டிகள், நாலு கூடு லவ்பேர்ட்ஸ், கோழித்தீன் மூட்டை, நாய்ச்சங்கிலி, நாய்ச் சவர்க்காரம், பூச்சாடி, தும்புத்தூள், விதைப் பக்கற்று, பசளை. கடை வாசலில் பூக்கன்றுகள். காலையிலிருந்து மாலை வரை தொட்டிகளின் கொளகொளச் சத்தம் என் காதுக்குள்தான். கடையின் பலகையில் ‘வீரா பெற் அன்ட் கார்டன் சப்ளையர்ஸ்’ என்று எழுதியிருக்கும். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. மீன்தொட்டிக் கடை என்பார்கள், இல்லாவிட்டால் கமலாக்கா கடை. புதிதாக வருகிறவர்கள் மட்டும் சிலநேரம் மீன்கடை என்று கேள்விப்பட்டு வந்து, குழம்புக்கு விளைமீன் இருக்கிறதா என்று கேட்பார்கள். அக்கா சிரிக்காமல், “இல்லை, இஞ்சை எல்லாம் உயிரோடை தான்” என்பார்.

அவர் முரசுமோட்டைக்காரி. வயலும் வாய்க்காலுமாக வளர்ந்தவர். இரண்டாயிரத்தொன்பதில், கடைசி யுத்தத்தில், கணவர் தவராசா இல்லாமற்போனார். அக்காவும் மகள் வினோஜாவும் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது கூரைக்கு ஒரு தறப்பாளும் இரண்டு சாக்கும் இருந்தன. தவராசாவின் தம்பி வீரபாகு கனடாவில் இருந்தார். இரண்டாயிரத்துப் பன்னிரண்டு கடைசியில் அவர் ஆறு லட்சம் ரூபா அனுப்பி, “அண்ணி, சும்மா இருக்காமல் ஒரு கடையைப் போடுங்கோ” என்றார். அதுவரைக்கும் நல்ல கதை. என்ன கடை என்பதையும் அவரே சொன்னதுதான் பகிடி. கனடாவில் அவர் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கடை இருக்கிறதாம். ஒரு பக்கம் நாய்பூனைச் சாமான், மறுபக்கம் பூக்கன்றுச் சாமான். சனம் வண்டில் வண்டிலாகத் தள்ளிக்கொண்டு போகிறதாம்.

கூரையில்லாத வீட்டில் இருக்கிற சனத்துக்கு மீன்தொட்டி விற்கப் போகிறாளாம் என்று ஊர் சிரித்தது. அதில் நியாயம் இருந்தது. முதல் வருடம் கோழித்தீனும் கத்தரி விதையும்தான் போயின. பிறகு வீட்டுத்திட்டம் வந்தது, வெளிநாட்டுக் காசு வந்தது, மண்நிலம் மாபிள் ஆனது. மாபிள் போட்ட பிறகு மண்டபத்தில் ஏதாவது வைக்கத்தானே வேண்டும்? மீன்தொட்டி வைத்தார்கள். அதற்குப் பிறகு நாய்கள் வந்தன. எங்களூர் நாய் அல்ல, ரோமம் தொங்குகிற நாய். அதற்குச் சோறு ஒத்துக்கொள்ளாதாம். நோர்வேயிலிருக்கும் மகன் அம்மாவுக்கு இருபதாயிரம், நாய்க்கு எட்டாயிரம் என்று பிரித்து அனுப்புகிற வீட்டை நான் அறிவேன். பெயர் சொல்லமாட்டேன்.

கடைக்கு ஒரு ஒப்பந்தம் இருந்தது. நான்தான் தட்டச்சு செய்தேன். அது என் கடை திறந்த முதல் கிழமை. காசு வீரபாகு, வேலை கமலாசனி, ஆளுக்குப் பாதிப் பங்கு, வருட முடிவில் இலாபத்தில் ஆளுக்குப் பாதி. யாராவது விலக விரும்பினால் ஒரு கணக்காளர் கடையை மதிப்பிட வேண்டும். மற்றவர் அந்தப் பாதி விலையைக் கொடுத்து முழுக்கடையையும் எடுக்கலாம். எடுக்க முடியாவிட்டால் கடையை மூடி, சாமானை விற்றுப் பிரிக்க வேண்டும். இந்தக் கடைசி வரியை அடிக்கும்போது அக்கா என் பக்கத்தில் இருந்து வினோஜாவுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தார். வாசித்தாரா என்பதே சந்தேகம்.

ஒவ்வொரு மார்கழியும் ஒரு பக்கத்தில் கணக்கறிக்கை அடித்துக் கொடுப்பேன். அக்கா அதைப் படம் பிடித்துக் கனடாவுக்கு அனுப்புவார். அங்கிருந்து ஒரு பெருவிரல் படம் வரும். அவ்வளவுதான். அரசாங்கம் இரசாயனப் பசளைக்குத் தடை போட்ட வருடம் கடைக்கு நல்ல காலம். ஊரே மாட்டெரு தேடி ஓடியபோது அக்கா முன்கூட்டியே நூற்றெண்பது மூட்டை கூட்டெரு வாங்கி வைத்திருந்தார். அதற்கடுத்த வருடம் கரண்ட் பத்து மணித்தியாலம், பதின்மூன்று மணித்தியாலம் என்று வெட்டினார்கள். மீனுக்குக் காற்று போகாது. அக்கா சைக்கிள் பம்பை எடுத்து, குழாயை மாற்றி மாற்றி ஒவ்வொரு தொட்டிக்கும் கையால் காற்றடித்தார். நானும் அடித்தேன். தோள் கழன்றுவிட்டது. அரைவாசி மீன் தப்பியது. அந்த வருட அறிக்கையில் மட்டும் இலாபத்துக்கு நேரே ஒரு சிறிய கோடு போடச் சொன்னார். நட்டம் என்ற சொல்லை அடிக்க விடவில்லை.

“ஏன் அக்கா, உண்மைதானே?”

“உண்மை எண்டாப்போலை? பார்க்கிற ஆள் என்ன நினைக்கும்? கோடு காணும், அது போதும்.”

இதுதான் அவருடைய குணம். சாப்பாடு குறையலாம், மகளின் சப்பாத்து பிய்ந்து போகலாம், கடை நன்றாகப் போகிறது என்ற பெயர் மட்டும் குறையக்கூடாது. யார் சுகம் விசாரித்தாலும், “கடை நல்லாப் போகுது” என்றுதான் பதில். சுகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார்.

இந்த வருடம் ஆனி மாதம் வீரபாகு வந்தார். வயது அறுபத்திரண்டு. கனடாவில் வேலையிலிருந்து ஓய்வு, மகனுக்கு வீடு, வட்டி ஏறிவிட்டது, இப்படி அவருக்கும் ஆயிரம் கரைச்சல். கெட்ட மனிதர் இல்லை. கடைக்குள் கதிரையில் இருந்து, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, தன் பாதியை எடுக்கப்போவதாகச் சொன்னார். ஒப்பந்தப்படி நீங்களே எடுங்கோ அண்ணி, எனக்கு வெளியாருக்குக் கொடுக்கிற எண்ணம் இல்லை என்றார். அக்கா, “ஓம் தம்பி, எடுக்கிறன்” என்று உடனே சொல்லிவிட்டு, அவர் போன கையோடு பலகைச் சுவரைத் தட்டி என்னைக் கூப்பிட்டார்.

“றஞ்சி, சீட்டுக்காசு நாலு லட்சம் கிடக்கு. நகையை வைச்சால் மூண்டு. ஏழு லட்சத்துக்குள்ளை வருமோ?”

“எனக்கென்ன தெரியும்?”

“உனக்கு எல்லாம் தெரியும் எண்டுதானே சொல்லித் திரியிறனி?”

ஏழு லட்சத்துக்குள் வந்தால் கடை அவருக்கு. வராவிட்டால் தொட்டிகளை ஒவ்வொன்றாக விற்றுவிட்டு முரசுமோட்டைக்குப் போய் அண்ணன் வீட்டு முற்றத்தைக் கூட்டவேண்டியதுதான். ஐம்பத்துநாலு வயதில் புதிதாக ஒன்றைத் தொடங்க அவரால் முடியாது. அதை அவரே சொன்னார்.  

மதிப்பிட வந்த கணக்காளர் வவுனியாவைச் சேர்ந்தவர், லக்ஷன் என்று பெயர். முப்பத்தைந்து வயதிருக்கும். சிரிப்பு என்பது அந்த முகத்தில் இல்லை. மேசையைத் துடைத்து, மடிக்கணினியை விரித்து, முதலில் இருப்பெடுப்பு என்றார். உயிருள்ளதும் இல்லாததும் எல்லாம் எண்ணவேண்டுமாம்.

தீன் மூட்டையை எண்ணலாம். பூச்சாடியை எண்ணலாம். கப்பி மீனை எப்படி எண்ணுவது? மனுசன் எண்ணினார். ஒரு தொட்டியில் நூற்றுப் பதினொன்று என்று எழுதி முடித்தபோது அதில் ஒன்று குட்டி போட்டுக்கொண்டிருந்தது. அக்கா காட்டினார். லக்ஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“பின்னேரம் அஞ்சு மணிக்கு உயிரோடை இருக்கிறதுதான் கணக்கு, அன்ரி.”

“பெத்தவளுக்கு அது தெரியாதே தம்பி.”

கடையில் ஒரு முயல் இருந்தது. நாலு வருடமாக விற்காத முயல். அதன் வாங்கிய விலை தொளாயிரம், தின்ற தீன் எத்தனை ஆயிரமோ. லக்ஷன் விலை கேட்டார். அது விக்கிறதுக்கில்லை என்றார் அக்கா. விற்கிறதுக்கில்லாத ஒன்றை இருப்பில் சேர்க்க முடியாது என்று லக்ஷன் விளக்கினார். பிறகு முயலைத் தளபாடத்தின் கீழ் எழுதினார், நிறுக்கும் தராசுக்கும் மேசை விசிறிக்கும் நடுவில். அதைத் தட்டச்சு செய்தவள் நான். பொய் இல்லை.

திகதி முடிந்த விதைப் பக்கற்றுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அக்கா அவற்றை விற்பதில்லை. வருடா வருடம் எரிப்பார். முளைக்காத விதையை வாங்கிக்கொண்டு போனவன் என்னைத் திட்டமாட்டான், தன் நிலத்தைத் திட்டுவான், அது பாவம் என்பார். லக்ஷன் அதைக் கழிவு என்று எழுதினார்.

அன்று பின்னேரம், உத்தேசமாகச் சொல்கிறேன் என்று சொல்லிக்கொண்டு கணக்கைச் சொன்னார். கடைசி மூன்று வருடத்தைப் பார்த்தால் எல்லாச் செலவும் போக மாதம் நாற்பதாயிரம் மிஞ்சுகிறது. வருடத்துக்கு நாலு லட்சத்து எண்பதாயிரம். இப்படியான கடைக்கு அதை ஐந்தால் பெருக்கி விலை சொல்வது தன் வழக்கம். இருபத்துநாலு லட்சம். பாதி, பன்னிரண்டு.

வீரபாகு தலையாட்டினார். அவருக்கு அது கிட்டத்தட்ட எதிர்பார்த்த தொகைதான். அக்கா எழுந்து போய் லவ்பேர்ட்ஸ் கூட்டுக்குத் தண்ணீர் மாற்றினார். தண்ணீர் ஏற்கெனவே மாற்றித்தான் இருந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. யாரில் என்றுதான் தெரியவில்லை. கணக்காளரில் பிழை இல்லை. வீரபாகுவில் பிழை சொல்ல முடியாது. அப்போது அக்காவில்தான் கோபம் வந்தது. பதின்மூன்று வருடம் “நல்லாப் போகுது, நல்லாப் போகுது” என்று சொல்லிச் சொல்லித் தன் தலைக்கு மேலேயே விலையை ஏற்றி வைத்திருக்கிறா மனுசி. கொஞ்சம் அழுது புலம்பியிருந்தால் என்ன?

“அக்கா, அந்தக் கரண்ட் வெட்டின வருசத்தைப் பற்றிச் சொல்லுங்கோ. செத்த மீனைச் சொல்லுங்கோ. விலையைக் குறைக்கட்டும்.”

“சும்மா கிட, றஞ்சி. என்ரை கடையை நானே குறை சொல்லுறதோ?”

கோதாரி. இதற்கு மேல் நான் என்ன செய்ய?

அடுத்த நாள் லக்ஷன் கணக்குப் புத்தகங்களோடு இருந்தார். நான் கொப்பி எடுத்துக் கொடுப்பதற்காக அங்கே நின்றேன். கொப்பி எடுக்க வேறு ஆள் இல்லையா என்று கேட்காதீர்கள், எனக்கு நிற்க வேண்டியிருந்தது. அவர் ஒரு வரியில் விரலை வைத்தார். ஒவ்வொரு வருடமும் சித்திரையில் ஒரே வரி: கமலாசனிக்கு, ஆயிரம் ரூபா.

“அன்ரி, இது சம்பள முற்பணமோ?”

“சம்பளமோ? விசர்க்கதை. அது கைவியளம்.”

கைவிசேடத்தைத்தான் நாங்கள் கைவியளம் என்போம். வருடப்பிறப்பன்று நல்ல நேரம் பார்த்துப் பெரியவர் கையால் வாங்குகிற காசு. அதைச் செலவழிப்பதில்லை. வைத்திருந்தால் பெருகும் என்று நம்பிக்கை. வீரபாகு ஒவ்வொரு வருடமும் அந்த நேரத்துக்குக் கனடாவிலிருந்து தொலைபேசி எடுப்பார். “அண்ணி, நான் தந்ததா நினைச்சு லாச்சியிலை இருந்து ஒரு ஆயிரம் ரூபா எடுங்கோ” என்பார். அக்கா குளித்து, விபூதி பூசி, கடை மேசை லாச்சியை இழுத்துத் திறந்து எடுப்பார். லாச்சியில் இருக்கிற காசில் பாதி அக்காவுடையதுதானே என்று ஒருமுறை நான் சொல்லப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அக்கா அலுமாரிக்குள்ளிருந்து ஒரு கடித உறையை எடுத்துவந்து மேசையில் வைத்தார். ஆயிரம் ரூபாத் தாள்கள் பதின்மூன்று. ஒன்றுகூட மடங்கவில்லை.

லக்ஷன் அந்தத் தாள்களைப் பார்த்தபடி கேட்டார். “சரி. அப்ப உங்கடை சம்பளம் எந்தப் பக்கத்திலை எழுதியிருக்கு?”

“ஆற்றை சம்பளம்?”

“உங்கடை, அன்ரி.”

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். “ஐயோ தம்பி, சொந்தக் கடையிலை ஆரும் சம்பளம் எடுக்கிறதோ? வருசக் கடைசியிலை என்ரை பாதி வரும்தானே. அதிலைதான் வீடு ஓடினது.”

“அது பங்குக்காரிக்கு வாறது. காசு போட்டவருக்கும் அதேயளவுதான் போகுது. கடையிலை நிக்கிற ஆளுக்கு என்ன குடுத்தனீங்கள்?”

“கடையிலை நிக்கிறது நான்தானே.”

“ஓம். அதைத்தான் கேக்கிறன்.”

அக்காவுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.  லக்ஷன் பேனையை எடுத்து ஒன்றொன்றாகக் கேட்கத் தொடங்கினார். எத்தனை மணிக்குத் திறப்பீர்கள்? ஆறரை. எத்தனைக்குப் பூட்டுவீர்கள்? ஏழு. லொறியிலிருந்து தீன் மூட்டை யார் இறக்குவது? நான். தொட்டி கழுவுவது? நான். கணக்கு? நான். உதவிக்கு ஆள்? றஞ்சி இருக்கிறாள், நான் சாப்பிடப் போகேக்கை பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை?

“மீன் ஞாயிற்றுக்கிழமை விரதமோ தம்பி? வரத்தானே வேணும்.”

லக்ஷன் எல்லாவற்றையும் எழுதினார். பிறகு மடிக்கணினியை மூடி, இன்னும் இரண்டு நாள் வேண்டும் என்று சொல்லிவிட்டு வவுனியா பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் காலை அறிக்கை எனக்குத் தட்டச்சுக்கு வந்தது. நாலு பக்கம். இரண்டாம் பக்கத்திலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மாதாவே, நான் அதைப் பின்னேரம் வரை யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன். என் வாழ்க்கையில் அது ஒரு சாதனை.

பின்னேரம் மூன்று மணிக்கு அக்காவின் கடையில் நாலு கதிரை. லக்ஷன் வாசித்தார். வானொலியில் காலநிலை சொல்வதுபோலத்தான் வாசித்தார்.

“இந்த வேலைக்கு வெளியாலை ஒரு ஆளைப் போட்டால் மாசம் நாப்பத்தையாயிரத்துக்குக் குறைய ஒருத்தரும் வராயினம். அதைச் செலவிலை சேர்க்கவேணும். சேர்த்தால் நாப்பதாயிரம் இலாபம் இல்லை. மாசம் ஐயாயிரம் நட்டம். நட்டத்திலை ஓடுற கடையின்ரை பேருக்கெண்டு விலை போடேலாது. சாமானும் தளபாடமும் மட்டும்தான். ஒன்பது லட்சத்து இருபதாயிரம். தீன் அனுப்புற கொழும்புக்காரருக்குக் குடுக்கவேண்டியது ரண்டு லட்சத்து நாப்பதாயிரம். மிச்சம் ஆறு லட்சத்து எண்பதாயிரம். பாதி, மூண்டு லட்சத்து நாப்பதாயிரம்.”

பன்னிரண்டு லட்சம் மூன்று லட்சத்து நாற்பதாயிரமாகிவிட்டது. சீட்டுக்காசே காணும், மிஞ்சியும் இருக்கும். நகை வீட்டிலேயே கிடக்கும். நான் மனதுக்குள் குருசடையாளம் போட்டேன். வீரபாகுதான் குதிக்கப்போகிறார் என்று அவரைப் பார்த்தேன். அவர் வாய் திறக்க முதல் அக்கா எழும்பிவிட்டார்.

“ஆற்றை கடை நட்டம்?”

“அன்ரி, அது...”

“பதின்மூண்டு வருசம் ஒரு நாள் பூட்டாமல் நடத்தின கடை. ஒருத்தருக்கும் குடுக்கிற காசு பிந்தினதில்லை. பழுதான விதை ஒண்டு வித்ததில்லை. இதை நட்டம் எண்டு எழுத உங்களுக்கு எப்பிடி மனம் வந்தது?”

“அக்கா, இருங்கோ” என்று நான் சேலையைப் பிடித்து இழுத்தேன். கையைத் தட்டிவிட்டார்.

“பன்னிரண்டு லட்சம் எண்டே எழுதுங்கோ தம்பி. நான் எங்கையாவது கடன்பட்டுக் குடுக்கிறன். நட்டம் எண்ட சொல்லை மட்டும் எடுங்கோ.”

உலகத்தில் எங்கேயாவது இப்படி ஒரு கொள்வனவாளர் இருப்பாரா? வாங்குகிற ஆள் விலையைக் கூட்டச் சொல்லிச் சண்டை பிடிக்கிறா. விற்கிற ஆள் என்ன சொல்வதென்று தெரியாமல் இருக்கிறார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளவேண்டும்போல் இருந்தது. அடித்தும் கொண்டேன் என்று நினைக்கிறேன்.

லக்ஷன் மட்டும் குரலை மாற்றவில்லை. “அன்ரி, கடை நல்லா நடந்ததில்லை எண்டு நான் சொல்லேல்லை. அது உழைச்சுதெண்டு நீங்கள் ஒவ்வொரு மார்கழியும் எழுதினது உங்கடை சம்பளத்தை. கடை உங்களுக்குக் குடுக்காமல் விட்ட காசுதான் இலாபமெண்டு கிடந்தது. அதிலையும் பாதியைத்தான் நீங்கள் எடுத்தனீங்கள்.”

லக்ஷன் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்.

“முந்தின வருசங்களிலை சம்பளம் குறைவு. பதினையாயிரம், பதினெட்டாயிரம் எண்டுதான் போட்டனான். அந்தந்த வருசத்துக்கு ஏற்ற மாதிரி எல்லாத்தையும் கூட்டிப் பார்த்தனான். கடைசிப் பக்கத்திலை இருக்கு. நாப்பத்திரண்டு லட்சம்.”

“நாப்பத்திரண்டோ?”

“சொச்சத்தை விட்டிட்டன்.”

அக்கா மெதுவாகக் கதிரையில் இருந்தார். வீரபாகு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் வந்து நாய்ச் சவர்க்காரம் கேட்டாள். நான் எழுந்து கொடுத்து அனுப்பினேன். 

வீரபாகுதான் முதலில் பேசினார்.  “அண்ணி, ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் தந்திருப்பன்தானே?”

“ஓம் தம்பி. நீங்கள் தந்திருப்பியள். எனக்கு அது தெரியும்.” அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். “நான்தான் கேட்டிருக்கமாட்டன். சொந்தக்காரி எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திட்டன். சொந்தக்காரி ஆரிட்டைக் கேக்கிறது?”

“நானும் நினைக்கேல்லை அண்ணி. எனக்கு அந்த நினைப்பே வரேல்லை.” சொல்லிவிட்டு அவர் பேனையைக் கேட்டார். மூன்று லட்சத்து நாற்பதாயிரத்துக்கு, பேரம் பேசாமல், நாலு இடத்தில் கையொப்பம் வைத்தார். அடுத்த நாள் அக்கா வங்கியிலிருந்து எடுத்துவந்த காசை எண்ணி வாங்கிக்கொண்டார். அதில் ஐம்பதாயிரத்தைத் திருப்பி நீட்டினார். அக்கா வாங்கவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. கனடாவுக்குப் போகிறவருக்கு அக்கா கைநிறையப் பனங்கட்டியும் ஒடியலும் கட்டிக் கொடுத்தனுப்பினார்.

கடை அக்காவுக்கு முழுதாக வந்துவிட்டது. சந்தோசமாக இருப்பார் என்று பார்த்தால், ஒரு மாதம் உம்மென்று இருந்தார். மீனுக்குத் தீன் போடுவார், தொட்டியைக் கழுவுவார், சுவரைத் தட்டமாட்டார். யாராவது கடை எப்படி என்று கேட்டால், “இருக்கு” என்பார். அந்த “நல்லாப் போகுது” காணாமற் போய்விட்டது. எனக்குப் பயம் பிடித்தது. அந்த லக்ஷனைப் பிடித்து நாலு கேள்வி கேட்கலாமா என்றுகூட நினைத்தேன்.

ஆடி முடிகிற அன்று, காலை ஆறேகாலுக்கு, நான் கதவைத் திறக்க முதலே வந்து நின்றார்.

“றஞ்சி, ஒரு சம்பளப் பத்திரம் அடிச்சுத் தா.”

“ஆருக்கு?”

“எனக்குத்தான்.”

கணினியைப் போட்டேன். பெயர்: தவராசா கமலாசனி. பதவி: முகாமையாளர். தொகை என்ற இடத்தில் நிறுத்தி அவரைப் பார்த்தேன்.

“நாப்பத்தையாயிரம் போடட்டோ?”

“அவ்வளவுக்குக் கடை தாங்காது. கரண்ட் பில் இருக்கு.” உதட்டைக் கடித்து யோசித்தார். “முப்பத்தையாயிரம் போடு.”

“பத்தாயிரத்தை வெட்டுறியளோ? என்ன முதலாளி நீங்கள்?”

“கஞ்சப் பிசினாறி” என்றார் அக்கா, சிரிக்காமல். “வேலைக்காரி நல்லவள். அதாலை தப்புது.”

அடித்து எடுத்தேன். கொடுத்தவர் என்ற இடத்தில் ஒரு கையொப்பம் வைத்தார். பெற்றவர் என்ற இடத்தில் இன்னொரு கையொப்பம். இரண்டாவதைப் போடும்போது பேனை நின்றுவிட்டது. மை இல்லையோ என்று நான் வேறு பேனையை எடுத்து நீட்டினேன். மை இருந்தது. அக்கா அழுதுகொண்டிருந்தார். கணவர் இல்லாமற்போன கதையை எனக்குச் சொன்ன அன்றைக்குக்கூட அழாத மனுசி, என் போட்டோகொப்பி மெசினில் கையை ஊன்றிக்கொண்டு தோள் குலுங்க அழுதார். நானும் அழுதேன். எனக்கு ஏன் அழுகை வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

“பதின்மூண்டு வருசமா நான் வேலைக்குப் போய் வந்திருக்கிறன், றஞ்சி,” என்றார். “எனக்கே தெரியாது.”

கடைக் காசுப் பையிலிருந்து முப்பத்தையாயிரத்தை எடுத்து, இரண்டு தரம் எண்ணி, மார்புச் சட்டைக்குள் வைத்தார். பத்திரத்துக்கு நாற்பது ரூபா வேண்டாம் என்றேன். கடைச் செலவில் எழுதுவேன், எடு என்று மேசையில் வைத்தார். வீதியில் முதல் பஸ் போனது. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் லவ்பேர்ட்ஸ் கத்தத் தொடங்கின. அக்கா கண்ணைத் துடைத்து, மணிக்கூட்டைப் பார்த்து, ஆறரை ஆகிவிட்டது, வேலைக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.